கிணறு வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்

ஜெசிந்தா, இதை நீ சொல்லியிருக்க வேண்டும். நீ சொன்னால் இந்த இரண்டு பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள். நான் சொல்லத் தொடங்கினால் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போகிறேன். நேற்றும் அப்படித்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், வயர் சுருட்டுகிற மாதிரிப் பின்பக்கம் போய் நின்றேன். அதனால்தான் எழுதுகிறேன். பிழை கண்டால் சிரி. உன் தெத்துப்பல் தெரியச் சிரி.

தம்பி, தங்கச்சி, இனி உங்களுக்கு.

மொனிற்றர் வாடகைக்கு விடுகிற இந்தக் கடைக்கு நீங்கள் இருவரும் வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். ஜெசிந்தாவை நீங்கள் கண்டதில்லை. கடைக் கணினியில் கிடந்த செத்தவீட்டு வீடியோவில்தான் அவளைக் கண்டீர்கள். அதைப் பார்த்துவிட்டுத் தம்பி கேட்டார்: "அக்கா, அவ்வளவு பெரிய மொனிற்றரிலை அவவின்ரை படம் ஏன் முத்திரை மாதிரிச் சின்னனா இருக்கு?" தங்கச்சி அவரின் காலை மிதித்ததையும் கண்டேன். மிதிக்கத் தேவையில்லை. நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு இருபத்தாறு வயது. இந்த வயதில் பென்சன்காரி மாதிரிப் பழைய கதை சொல்லுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓ.எல். சோதனை எழுதாமல் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மடத்துவெளியிலிருந்து பஸ் ஏறி இங்கே வேலணைக்கு வேலைக்கு வந்த அதே கிழமைதான் ஊர்காவற்றுறையிலிருந்து ஜெசிந்தாவும் வந்தாள். அவளும் பள்ளிக்கூடத்தோடு கோபம். தகப்பன் கடற்றொழில். கழுத்தில் ஒரு சங்கிலி, அதில் மாதாவின் வட்டப் பதக்கம். யோசனை வந்தால் அந்தப் பதக்கத்தைப் பல்லுக்குள் வைத்துக் கடிப்பாள். கடித்துக்கொண்டு நின்றால் ஒருவரும் அவளோடு கதைக்கக் கூடாது.

எங்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை. முதலாளி அண்ணை மொனிற்றரையும் லப்ரொப்பையும் தந்து, "விழுத்திப் போடாதேங்கோ" என்று மட்டும் சொன்னார். விழுத்தவில்லை. மற்றெல்லாப் பிழையும் விட்டோம்.

முதலாவது, ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. பிரதம விருந்தினரின் பெயர் பெரிய மொனிற்றரில் புகை அடித்த மாதிரி மங்கலாக நின்றது. வெளியில் கடற்காற்று. திரையில் உப்புப் படிந்துவிட்டது என்று நினைத்து, நான் ஈரத் துணியால் துடைக்கத் தொடங்கினேன். அத்தனை பெற்றோருக்கும் முன்னால் ஒரு கதிரையில் ஏறி நின்று, யன்னல் கழுவுகிற மாதிரித் துடைத்தேன். விருந்தினர் பேசிக்கொண்டே இருக்கிறார், நான் அவரின் பெயரைத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். பின்னாலிருந்து ஜெசிந்தாவின் குரல் வருகிறது.

"எடியே, இன்னும் துடைச்சா அந்தாள் அழிஞ்சு போவார். இறங்கு."

விஷயம் என்னவென்றால், முதலாளி அண்ணைக்குக் கிட்டப் பார்வை குறைவு. எழுத்துப் பெரிதாகத் தெரியட்டும் என்று லப்ரொப்பின் ரெசல்யூஷனைக் குறைத்து வைத்திருந்தார். மொனிற்றருக்குச் சொந்தமாக இத்தனை புள்ளி என்று இருக்கிறது. லப்ரொப் அதைவிடக் குறைந்த புள்ளியை அனுப்பினால், மொனிற்றர் இல்லாத புள்ளியைத் தானே ஊகித்துப் போடும். ஊகித்துப் போட்டது எப்போதும் மங்கல்தான்.

ஜெசிந்தா இதைத் தன் வீட்டுக் கதையால் விளங்கப்படுத்தினாள். "வலையை இழுத்துப் பிடிச்சா என்ன நடக்கும்? கண் விரியும். கண் கூடுமே? கூடாது. படமும் அப்பிடித்தான்." நீங்கள் கணினிக் கோர்ஸில் படித்ததும் இதுதான். ஆனால் எனக்கு இன்றைக்கும் புள்ளி என்றால் வலைக்கண்தான்.

இனிக் கிணறு.

இறுப்பிட்டியில் ஒரு கலியாண வீடு. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு, தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு. கலியாணப் பொம்பிளையின் தாய் செல்வி அக்கா. அவவின் தங்கச்சி ராணி அக்கா கலியாணத்துக்கென்று கனடாவிலிருந்து வந்திருந்தா. பழைய குடும்பப் படங்களைக் காட்டவும், வெளிநாட்டுச் சொந்தங்களை வீடியோக் கோலில் கூப்பிடவும் எங்கள் பெரிய மொனிற்றரை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

காலையில் முதல் படம் போட்டோம். செல்வி அக்காவின் தாய் தகப்பன், அந்தக் காலத்து ஸ்ரூடியோப் படம். படம் கிட்டத்தட்டச் சதுரம், மொனிற்றர் அகலம். அதனால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டி வந்தது.

"பிள்ளையள், உதென்ன ரண்டு பக்கமும் கறுப்பு? நல்ல நாளிலை கண் முழிச்சதும் கறுப்பே?" என்றா செல்வி அக்கா.

"அக்கா, படம் அகலம் காணாது. மிச்சம் வெறுமையா நிக்குது," என்றாள் ஜெசிந்தா.

"வெறுமையா நிக்கட்டும். கறுப்பா நிக்க வேண்டாம்."

கடைக்குப் போன் எடுத்தோம். "வீட்டுக்காரர் கேக்கிறதைச் செய்யுங்கோ" என்றார் அண்ணை. நான் ரிமோட்டில் பொத்தானை அமத்தினேன். படம் இரண்டு பக்கமும் இழுபட்டுத் திரை முழுக்க நிரம்பியது. கறுப்புப் போய்விட்டது. தகப்பனார் மட்டும் கொஞ்சம் கொழுத்துப் போனார்.

"அப்பா கொழுத்திட்டாரே அக்கா," என்றா ராணி அக்கா.

"சாகேக்கை மெலிஞ்சு போய்த்தானே செத்தவர். இப்பவாவது கொழுக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். மொனிற்றரை அப்படியே விட்டோம். அதுதான் பிழை. நல்ல நாளில் கறுப்பு ஆகாது என்கிற எங்கள் ஊரில் மட்டும் வரக்கூடிய பிழை.

பொன்னுருக்கு முடிந்து மாப்பிள்ளை வீட்டாரும் இங்கே வந்து, பலகாரம் சாப்பிட்டு, கதை காணிக்கு வந்தது. தாய் தகப்பனின் காணியை அக்காவும் தங்கச்சியும் பிரிப்பதாகப் பேச்சு. செல்வி அக்காவின் பங்கு மகளுக்குச் சீதனம். தெற்கில் பெரிய றோட்டு, கிழக்கில் ஒழுங்கை, ஒடுங்கின சந்து. செல்வி அக்காவின் துண்டுக்கு முகம், அதாவது வழிப் பக்கத்து எல்லை, றோட்டில், ராணி அக்காவின் துண்டுக்கு முகம் ஒழுங்கையில். இரண்டு முகமும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பது தகப்பன் சொல்லிவிட்டுப் போன சொல். நில அளவையாளர் அப்படித்தான் அளந்து பிளான் கீறினார். அடுத்த நாள் நொத்தாரிசு உறுதிப் பத்திரம் எழுத வருவார், இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். ராணி அக்கா வைக்காவிட்டால் சீதன உறுதி இல்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் முன் கதிரையில் இருந்தார். "பிளான் இருந்தா ஒருக்காப் பாப்பமே," என்றார் மெதுவாக.

பிளான் நொத்தாரிசிடம். அதன் படம் வட்ஸ்அப்பில் அங்கேயும் இங்கேயும் போய்ச் செல்வி அக்காவின் போனில் கிடந்தது. "பெரிய ரீவி நிக்குதுதானே, அதிலை போடுங்கோ," என்றார்கள். போட்டோம். திரை முழுக்க.

ராணி அக்கா எழும்பி வந்து பார்த்தா. தெற்கு றோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தா. பிறகு ஒழுங்கையை மேலிருந்து கீழே பார்த்தா.

"அக்கா, உன்ரை முகம் நீளமா இருக்கு. என்ரை முகம் கட்டையா இருக்கு."

"என்னடி கதைக்கிறாய்? ரண்டும் ஒண்டு."

"கண் தெரியாதே எனக்கு? றோட்டுப் பக்கத்தை நீட்டி எடுத்துப்போட்டாய். நான் கனடாவிலை இருந்து என்னத்தைக் காணப்போறன் எண்டு நினைச்சனியே?"

"ராணி, சபையிலை மரியாதையாக் கதை."

"இந்தப் பிளானுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

பிளானில் அளவு எழுதியிருக்கிறது, அதைப் பார்க்கலாமே என்று நான் பெரிதாக்கினேன். போனுக்குப் போன் போய்ப் புள்ளியெல்லாம் உதிர்ந்த படம் அது. எறும்பு மாதிரி இருந்த இலக்கங்கள் பெரிதாக்கியதும் மை சிந்திய மாதிரி ஆயின. முப்பதோ எண்பதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பழையபடி முழுப் பிளானுக்கே வந்தேன். நொத்தாரிசின் போனும் எடுபடவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் மடியில் கிடந்த சால்வையை எடுத்து உதறித் தோளில் போட்டார். அது என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் எழும்பினால் கலியாணமும் எழும்பிவிடும். உள்ளறை வாசலில் பொம்பிளை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் இரத்தம் இல்லை.

ஜெசிந்தாவின் காதுக்குள் சொன்னேன்: "வயரைக் கழட்டுவமடி. கரண்ட் போட்டுது எண்டு சொல்லுவம்."

"கழட்டினா, மறைக்கத்தான் கழட்டினவை எண்டுவினம்."

"அப்ப மொனிற்றர் பிழை எண்டு சொல்லு."

அவள் தலையை ஆட்டினாள். பதக்கத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். நான் அவளை விட்டுத் தள்ளி நின்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மொனிற்றர் இழுத்துக் காட்டுகிறது என்று அவளுக்கு அப்போதே விளங்கியிருந்தது. ஆனால் எங்களைக் கூப்பிட்டது செல்வி அக்கா. நாங்கள் வாயைத் திறந்து "ரீவி பிழை, பிளான் சரி" என்றால், செல்வி அக்காவின் ஆட்கள் அவவுக்காகக் கதைக்கிறார்கள் என்றுதான் ராணி அக்கா நினைப்பா. சரியான விஷயத்தைச் சொன்னாலும் யார் வாயிலிருந்து வருகிறது என்பதையும் ஆட்கள் பார்ப்பார்கள். அவசரத்தில் நான் அதை யோசிக்கவில்லை. அவள் யோசித்தாள்.

பதக்கத்தை வாயிலிருந்து விட்டுவிட்டு ராணி அக்காவுக்குக் கிட்டப் போனாள்.

"ராணி அக்கா, உந்த நடுவிலை 'கி' எண்டு போட்டுக் கீறியிருக்கு. அது என்ன?"

"அது எங்கடை பங்குக் கிணறு. அதையும் இப்ப எடுக்கப்போறியளே?"

"இல்லை அக்கா. அது நல்ல கிணறோ?"

"நல்ல கிணறோவோ! இந்தப் பக்கமெல்லாம் சவர், அது மட்டும் நல்ல தண்ணி. சின்னனிலை நான் அதுக்குள்ளை விழுந்து எழும்பினவள். கேள் இவவை, இவதான் வாளியை விட்டவ."

"நான் விடாட்டி இண்டைக்கு இஞ்சை நிண்டு கத்துவியே?" என்றா செல்வி அக்கா மற்றப் பக்கத்திலிருந்து.

"அது என்ன வடிவம் அக்கா?" ஜெசிந்தா விடவில்லை.

"கிணறு என்ன வடிவமோ? வட்டம். பின்னை என்ன முட்டை மாதிரியே கட்டுவினம்?"

சொல்லிவிட்டு ராணி அக்கா திரையைப் பார்த்தா. வாய் திறந்தபடி நின்றுவிட்டது. பிறகு மாப்பிள்ளையின் தகப்பன் பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய திரையின் நடுவில், பங்குக் கிணறு, ஒரு முட்டை மாதிரிப் படுத்துக் கிடந்தது.

"ஐயோ," என்றா செல்வி அக்கா, "கிணறும் அப்பா மாதிரிக் கொழுத்திட்டுது!"

ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரிமோட்டை அமத்தினேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டி வந்து நின்றது. கிணறு வட்டமானது. றோட்டு கட்டையானது. ஒழுங்கை அப்படியே நின்றது. பார்த்தால் இரண்டும் ஒரே நீளம்.

ராணி அக்கா அதற்கும் விடுகிற ஆளில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு வந்து, திரையில் வைத்து, றோட்டின் நீளத்துக்கு நகத்தால் முறித்தா.

"அக்கா, மொனிற்றரைக் கீறிப்போடாதேங்கோ!" என்று நான் கத்தினேன். அன்றைக்கு நான் வாய் திறந்து சொன்ன ஒரே பெரிய சொல் அதுதான்.

முறித்த ஈர்க்கை நிமிர்த்தி ஒழுங்கையில் வைத்தா. மேலேயும் சரி, கீழேயும் சரி. இரண்டு தரம் வைத்துப் பார்த்தா. பிறகு ஈர்க்கைத் தமக்கையின் கையில் கொடுத்தா.

"எனக்கு உன்னிலை நம்பிக்கை இருந்ததுதான். நான் ரீவியைத்தான் நம்பேல்லை," என்றா.

"ஓமோம், அதுதானே காது கிழியக் கேட்டது."

மாப்பிள்ளையின் தகப்பன் சால்வையைத் திரும்ப எடுத்து மடியில் வைத்தார். "தேத்தண்ணி ஒண்டு குடிப்பமே?" என்று கேட்டார். பொம்பிளைதான் அந்தத் தேத்தண்ணியைக் கொண்டுவந்தாள். இப்போது சிரித்தாள்.

பிறகு நான் திரும்பவும் கறுப்பை எடுக்கவா என்று கேட்டேன். செல்வி அக்கா கையைத் தூக்கினா. "வேண்டாம் பிள்ளை, அது பாட்டுக்கு நிக்கட்டும்."

நாங்கள் வெளிக்கிட முன்னர், என் போனால் ஒரு படம் எடுத்தேன். வீட்டுக்காரர் எல்லோரும் மொனிற்றருக்கு முன்னால். ஓரத்தில் ஜெசிந்தா வயரைக் கையில் வைத்துக்கொண்டு, தெத்துப்பல் தெரியச் சிரிக்கிறாள். கழுத்தில் பதக்கம். அவள் எப்போதும் கமராவுக்குப் பின்னால் நின்றவள். யாராவது படம் எடுக்க வந்தால் என்னைத் தள்ளிவிட்டு ஓடுவாள். அன்றைக்கு மட்டும் ஓட மறந்துவிட்டாள்.

இந்த வருடம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். "ரண்டு நாளிலை வந்திடுவன், மொனிற்றரைத் துடைச்சு வை, ஆனா கதிரையிலை ஏறாதை" என்று போனில் சொன்னாள். வரவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி என்னால் எழுத ஏலாது.

செத்தவீட்டுக்கு எங்கள் மொனிற்றரைக் கொண்டுபோனோம். அவளின் அண்ணன் பிரான்சில், விசாச் சிக்கலால் வர வழியில்லை. "என்ரை தங்கச்சியின்ரை முகத்தைப் பெரிசாப் போடுங்கோ, நான் வடிவாப் பாக்க வேணும்" என்று அழுதார். வீட்டில் தேடினால் அடையாள அட்டைப் படம் ஒன்று. அதில் அவள் யாரோ. சின்ன வயதில் கோயிலில் எடுத்த முதல் நன்மைப் படம் ஒன்று. அதில் அவள் குழந்தை. இப்போதைய முகம் என் போனில் இருந்த அந்த ஒரே படத்தில்தான், ஓரத்தில், விரல் நகம் அளவு.

வெட்டி எடுத்து மொனிற்றரில் முழுதாகப் போட்டுப் பார்த்தேன். சிரிப்பு இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகக் கட்டி. வலையை இழுத்தால் கண் கூடாது என்று எனக்குச் சொன்னவளையே நான் இழுத்துக்கொண்டு நிற்கிறேன்.

சொந்தக்காரப் பொடியன் ஒருவர் நல்ல மனதோடு வந்தார். "அக்கா, போனிலை ஒரு அப் இருக்கு. மங்கலான முகத்தைத் தெளிவாக்கித் தரும்." தந்தது. பளிச்சென்ற முகம். கண் இமை ஒவ்வொன்றும் தெரிந்தது. அண்ணனுக்கு அனுப்ப முன்னர் அம்மாவிடம் காட்டினேன். ஜெசிந்தாவின் அம்மா கன நேரம் பார்த்தா.

"வடிவான பிள்ளை," என்றா. "இது ஆர்?"

"அம்மா, ஜெசிந்தா."

"என்ரை பிள்ளையின்ரை தெத்துப்பல் எங்கை?"

அந்த அப் பல்லை நேராக்கிவிட்டது. இல்லாத புள்ளியை ஊகித்துப் போட்டது. அது யாருடைய பிழையும் இல்லை, அதற்கு எங்கள் ஜெசிந்தாவைத் தெரியாது.

சுற்றிவர ஆட்கள். பெட்டி வந்துவிட்டது. பிரான்சில் அண்ணன் போனில் காத்துக்கொண்டிருக்கிறார். முதலாளி அண்ணை, "எதையாவது போடு பிள்ளை, நேரம் போகுது" என்கிறார். பக்கத்தில் பதக்கத்தைக் கடிக்க ஆளில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், அந்தப் படத்தை இழுக்காமல், கூட்டாமல், அதற்கு இருக்கிற புள்ளிக்கு எவ்வளவு பெரிதாக நிற்க முடியுமோ அவ்வளவில் திரையின் நடுவில் வைத்தேன். முத்திரை மாதிரித்தான். சுற்றி முழுக்கக் கறுப்பு. பிறகு கிட்டப் போய் மூக்கு முட்டப் பார்த்தேன். அவளின் கழுத்தில் பதக்கம் வட்டமாக இருந்தது. தெத்துப்பல் இருந்தது. சரி என்று தள்ளி நின்றேன்.

"இதென்ன இவ்வளவு சின்னன்? கறுப்பை எடுத்துப்போட்டு நிரப்பி விடுங்கோ," என்று பின்னால் ஒருவர் சொன்னார்.

"நிரப்ப வேண்டாம்," என்று ஒரு பொம்பிளைக் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால், இறுப்பிட்டியிலிருந்து வந்திருந்த செல்வி அக்கா. "கறுப்பு நிக்கட்டும். அவள் அவளா இருக்கிறாள்."

தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாது. அதனால் எல்லோரும் எழும்பி, ஒருவர் பின் ஒருவராக, மொனிற்றருக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்கள். குனிந்தவர்கள் பல்லைக் கண்டு கொஞ்சம் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். நான் என் போனைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய் அண்ணனுக்குக் காட்டினேன். அவரும் குனிந்து தன் போனுக்குக் கிட்ட வந்தார்.

"ஓம்," என்றார். "இவள்தான்."

தம்பி, உமது கேள்விக்கு இதுதான் பதில். இனி இந்த மொனிற்றரோடு கலியாண வீடு, செத்தவீடு, காணிச் சண்டை எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் போகப்போகிறீர்கள். ஆட்கள் நிரப்பச் சொல்லுவார்கள், பெரிதாக்கச் சொல்லுவார்கள். அவசரத்தில் இலக்கமெல்லாம் மறந்து போகும். படத்துக்குள் வட்டமாக இருக்க வேண்டிய ஒன்றைத் தேடிப் பாருங்கள். கிணறு, தாம்பாளம், சைக்கிள் சில்லு, பதக்கம், ஏதாவது ஒன்று இருக்கும். அது முட்டையாக இருந்தால், யார் கத்தினாலும் இழுத்ததை விட்டு வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எனக்கு ஜெசிந்தா வீட்டுச் செபம் பாடமில்லை. நான் கும்பிடுவது பிள்ளையாரை. அவரிடம்தான் ஒவ்வொரு நாளும் அவளைப் பற்றிச் சொல்லுகிறேன். அவருக்கும் ஒரு தந்தம் ஒரு மாதிரித்தானே, அவளைக் கண்டால் பிடிக்கும். இதைப் படிக்கிற நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போனாலும், எந்த மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாலும், எங்கள் ஜெசிந்தாவுக்காக ஒரு சொல் மன்றாடுங்கள். பெயரைச் சொன்னால் போதும்.